எல்லாத்துக்கும் 'இல்லை'

அம்மாவுக்கு நாரி நோ. நான் பள்ளிக்கூடம் போன காலத்தில இருந்தே இருக்கு. குனிஞ்சு முத்தம் கூட்டினா அண்டைக்கு இரவு சரி, சித்தாலேப பூசிக்கொண்டு குப்புறக் கிடப்பா. போன வருசம் ஒரு பின்னேரம் அவவிட்ட என்ர போனைக் குடுத்து, அம்மா இந்தக் கிளினிக் ஃபோமில இருக்கிற கேள்வியளுக்கு ஒருக்காப் பதில் போட்டுப் பாருங்கோ எண்டு சொல்லிப்போட்டு தேத்தண்ணி போடப் போனன். திரும்பி வரேக்க அவ எல்லாம் போட்டு முடிச்சிட்டு சீரியல் பாத்துக்கொண்டு இருக்கிறா. நாப்பத்திரெண்டு கேள்வி. எல்லாத்துக்கும் 'இல்லை'.

கீழ் முதுகு வலி உள்ளதா, இல்லை. கால் வரை பரவுகிறதா, இல்லை.

"என்னம்மா இது, உங்களுக்கு நாரி நோவெல்லோ?"

"ஓம், நாரிதானே நோகுது. முதுகு நல்லாத்தான் இருக்கு. அதில நாரியைக் கேக்கவே இல்லையே பிள்ள."

நான் அந்தத் தேத்தண்ணியைக் குடிக்காமலே வைச்சிட்டு மச்சாளுக்கு வட்ஸ்அப்பில வொய்ஸ் அனுப்பினன், 'மச்சாள், உங்கட கிளினிக்கில இல்லை எண்டு போட்ட தமிழ் ஆக்கள் எத்தின பேருக்கு உண்மையில இல்லை எண்டு எனக்கு இப்ப சந்தேகமாக் கிடக்கு' எண்டு.

கொஞ்சம் பின்னால இருந்து சொல்லுறன். நான் திருகோணமலையில, பாலையூத்துப் பக்கம் இருக்கிறன். வேலை செய்யிறது கனடாவில ஸ்காபரோவில இருக்கிற ஒரு கைரோபிராக்டிக் கிளினிக்குக்கு, முள்ளந்தண்டைக் கையால அமத்திச் சரிப்படுத்துற இடம். அவையளுக்குக் காலமை ஒன்பது மணி எண்டா எங்களுக்குப் பின்னேரம் ஆறரை, அங்க குளிர்காலம் வந்தா ஏழரை. 2022ல, கரண்ட் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் போன நாளில, நான் போன் டேட்டாவில மடிக்கணினியின்ர கடைசி பத்து வீத சார்ஜோட துவங்கின வேலை இது. மச்சாள் அங்க வரவேற்பு மேசையில இருக்கிறா, அவதான் என்னை இதுக்குள்ள இழுத்து விட்டவ. புதுசா வாற ஆக்கள் கிளினிக்குக்கு வர முதலே வீட்டில இருந்து போனில தங்கட விபரம் நிரப்பி அனுப்புற ஃபோம், அதைச் செய்யிறதும் திருத்துறதும் தமிழில போடுறதும்தான் என்ர வேலை.

இங்க ஆருக்கும் கைரோபிராக்டிக் எண்டு சொன்னா "அப்ப சுளுக்குத் தடவுற வேலையோ" எண்டு கேப்பினம். முழுக்கப் பிழையெண்டும் சொல்லேலாது. 1895ல அமெரிக்காவில, அயோவாவில டேவன்போர்ட் எண்ட ஊரில, டி.டி. பாமர் எண்ட ஒருத்தர் தான் வைத்தியம் பாத்த கட்டடத்தில துப்பரவு வேலை செய்த ஹாவி லில்லார்ட் எண்டவரின்ர முள்ளந்தண்டை அமத்தி விட அவருக்குக் காது திரும்பக் கேட்டதெண்டு சொல்லித்தான் இந்தத் தொழிலின்ர கதையே துவங்குது. அந்தக் காதுக் கதையை நான் நம்புறேல்ல. ஆனா நாரி நோ எண்டா விசயம் வேற. 2017ல அமெரிக்கன் கொலிஜ் ஒஃப் பிசிஷியன்ஸ் வெளியிட்ட வழிகாட்டியில, குளிசைக்கு முதல் செய்து பாக்கக்கூடியதெண்டு சொன்ன பட்டியலில சூடு, மசாஜ் இதுகளோட முள்ளந்தண்டைக் கையால சரிப்படுத்துறதும் இருக்கு. சூடு எண்டதை அம்மாவுக்குச் சொன்னன். "அதுக்கேன் அமெரிக்கா, கன்னியாவில ஏழு சுடுதண்ணிக் கிணறு கிடக்கெல்லோ" எண்டா.

முந்தி அந்தக் கிளினிக்கில கடதாசி ஃபோம்தான். நாலு பக்கம். வயசு போன ஆக்கள் மகனோட மகளோட வந்து கதிரையில இருந்து நிரப்புவினம், பாதி நிரப்பேக்க உள்ள கூப்பிட்டிடுவினம், மிச்சம் வெறுமையாவே கிடக்கும், பிறகு மச்சாள் இரவு இருந்து அந்தக் கையெழுத்தெல்லாத்தையும் கம்பியூட்டரில அடிப்பா. கொரோனாவோட எல்லாம் ஒன்லைனுக்கு மாறினது. தமிழ் ஆக்கள் கனபேர் வாற இடம் எண்டபடியா தமிழும் போட்டினம், ஆரோ மெசினில குடுத்து எடுத்த தமிழ். இலக்கணப் பிழை ஒண்டும் இல்ல, வாசிச்சா செய்தி அறிக்கை மாதிரி இருக்கும். அதுதான் அம்மா நாப்பத்திரெண்டுக்கும் இல்லை போட்ட தமிழ்.

அண்டையில இருந்து நான் அந்தக் கேள்வியளை ஊரில கொண்டுபோய் வாசிச்சுக் காட்டத் துவங்கினன். ஓட்டோக்கார அண்ணை, கோயிலில பூ கட்டுற அக்கா, திருக்கடலூரில இருக்கிற மீன்பிடிக்கிற மாமா ஒருத்தர். சும்மா போய் இருந்து, இது என்ன கேக்குது எண்டு விளங்குதோ எண்டு கேக்கிறது, அவ்வளவுதான்.

பெரிய அடி 'விறைப்பு' எண்ட சொல்லில கிடைச்சது. ஃபோமில 'விறைப்பு' எண்டு இருந்தது தசை இறுகிப்போய் அசைக்கக் கஷ்டமா இருக்கிறதுக்கு. எங்கட ஆக்கள் கால் விறைக்குது எண்டு சொன்னா உணர்ச்சி இல்லாமல் மரத்துப் போறதையும்தானே சொல்லுறம். அதுக்கு ஃபோமில வேற ஒரு பெட்டி இருந்தது, 'உணர்வின்மை' எண்டு. பூக்கார அக்கா அதை வாசிச்சிட்டு, எனக்கு மனசில உணர்வெல்லாம் நல்லா இருக்கு தங்கச்சி எண்டு சிரிச்சா. இப்ப யோசிச்சுப் பாருங்கோ, ஒருத்தருக்கு நாரியில இருந்து கால் பெருவிரல் வரைக்கும் மரத்துப் போகுது, அது நரம்பு அமத்துப்படுறதின்ர அடையாளமா இருக்கலாம், அவர் 'விறைப்பு' எண்டதில டிக் போடுறார், உள்ள இருக்கிற டொக்டருக்கு அது தசை இறுக்கம் எண்டு இங்கிலீசில போகுது. ரெண்டு பக்கமும் ஒருத்தரும் பொய் சொல்லேல்ல.

'வருத்தம்' எண்ட சொல்லால நானும் மாட்டுப்பட்டன். உங்களுக்கு வேற என்ன வருத்தங்கள் இருக்கு எண்டு நான் எழுதிப் பெருமையா அனுப்ப, அங்க வந்த தமிழ்நாட்டுக்காரர் ஒருத்தர் மச்சாளிட்ட, வருத்தமெல்லாம் எதுக்குங்க கேக்குறீங்க எண்டாராம். இப்ப நோய் எண்டும் இருக்கு, வருத்தம் எண்டும் இருக்கு. நாரி எண்டு போட்டு பக்கத்தில இடுப்பு, கீழ் முதுகு எண்டும் இருக்கு. பாக்க வடிவில்ல, ஆனா ஆக்கள் ஓம் எண்டு போடுகினம்.

நோவின்ர வகையைக் கேக்கிற இடம்தான் எனக்குப் பிடிச்ச இடம். இங்கிலீசில இதுக்கு ஒரு பழைய கேள்விக்கொத்து இருக்கு, கனடாவில மெக்கில் பல்கலைக்கழகத்து ரொனால்ட் மெல்சாக் 1975ல வெளியிட்டது, நோவைச் சொல்லுற 78 சொல்லை 20 கூட்டமாப் பிரிச்சு வைச்சிருக்கு. மெசின் தமிழில அந்தச் சொல்லுகளில கனக்க 'கூர்மையான வலி', 'மந்தமான வலி' எண்டு வந்து நிண்டது. மந்தமான வலி எண்டா என்ன எண்டு மாமாவிட்டக் கேக்க, "கொஞ்சம் மொக்கு வலியாக்கும்" எண்டார். எங்களிட்ட எவ்வளவு சொல் கிடக்கு! குத்து, கடுப்பு, எரிவு, இழுவை, பிடிப்பு, விண்விண்ணெண்டு இடிக்கிறது, சுள்ளெண்டு அடிக்கிறது. அம்மா சொல்லுறது உளைவு. உளைவுக்கு இங்கிலீசில ஒரு சொல் தா எண்டு மச்சாள் கேட்டா, ரெண்டு இரவு யோசிச்சுப்போட்டு, இல்லை எண்டு எழுதி அனுப்பினன். இப்ப அந்த டொக்டருக்கு உளைவு எண்டு இங்கிலீஸ் எழுத்திலயே போகுது, அவரும் பழகிட்டாராம்.

ஒரு பக்கத்தில இது பகிடிதான். மற்றப் பக்கத்தில இல்லை.

கைரோபிராக்டர் உங்கட கழுத்திலயோ நாரியிலயோ கை வைக்க முதல் சில விசயங்களைக் கட்டாயம் அறிஞ்சிருக்கோணும். புற்றுநோய் வந்ததோ, காரணமில்லாமல் மெலிஞ்சு போறீங்களோ, காய்ச்சலோட நாரி நோவோ, இரவில படுத்தாலும் குறையாத நோவோ, எலும்பு மெலிஞ்சு போற வருத்தமோ, கனகாலமா ஸ்டீரொயிட் குளிசையோ, அண்மையில விழுந்தீங்களோ. கழுத்தைத் திருப்பிற வேலையெண்டா இன்னும் கவனம், அரிதா எண்டாலும் கழுத்து நாடிக் குழாயின்ர உள்சுவர் கிழிஞ்சு பக்கவாதம் வந்த ஆக்களைப் பற்றிப் பதிவு இருக்கு. இதில எதுக்கும் ஒருத்தர் விளங்காமல் இல்லை போட்டா, அந்த இல்லை வெறும் பெட்டியை விட மோசம். வெறுமையா இருந்தா டொக்டர் வாயால கேப்பார். இல்லை எண்டு இருந்தா கேட்டாச்சு எண்டு நினைச்சு அடுத்த பக்கத்துக்குப் போயிடுவார்.

ஆக்கள் ஏன் இல்லை போடுகினம் எண்டு பாத்தா விளங்காதது மட்டும் காரணமில்ல. அந்தச் சிவப்பு நட்சத்திரம். பதில் போடாட்டி அடுத்த பக்கம் போக விடாது. அப்ப எது லேசோ அதைப் போட்டிட்டுப் போறதுதானே, நானும் வங்கி ஃபோமுகளில அப்பிடித்தான் செய்யிறன். நான் செய்த முதல் வேலை மூண்டாவதா ஒரு பதில் சேத்தது, 'தெரியாது, நேரில கேளுங்கோ' எண்டு. அங்க மென்பொருள் செய்யிற பெடியனுக்கு அது பிடிக்கேல்ல, டேட்டா ஊத்தையாகும் எண்டான். ஊத்தையாகட்டும் தம்பி எண்டன்.

குளிசைக் கேள்வியும் அப்பிடித்தான். இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து உட்கொள்கிறீர்களா எண்டு கேட்டா அம்மா 'இல்லை' எண்டு போடுறா. ஆனா அவ தினம் அஸ்பிரின் போடுறா. கேட்டா, அது இரத்தத்துக்கு இல்ல, நெஞ்சுக்குத் தந்தது எண்டுறா. அவவுக்கு ஆஸ்பத்திரியில சொன்னது அப்பிடித்தான். இங்க கிளினிக் கொப்பியும் சின்னக் கடதாசிப் பையில போட்டுத் தாற குளிசையும்தான், பேரை ஆர் வாசிக்கிறது? அங்க போத்தலில லேபல் ஒட்டித்தான் குடுக்கிறது எண்டபடியா அந்தக் கேள்வியையே தூக்கிப்போட்டு, நீங்கள் போடுற குளிசைப் போத்தல் எல்லாத்தையும் மேசையில வைச்சு ஒரு போட்டோ எடுத்துப் போடுங்கோ எண்டு மாத்தினம். மருந்தின்ர பேர் எழுதச் சொன்ன காலத்தில 'பிரஷர் குளிசை, வெள்ளை' எண்டு வந்த பதில் எத்தினையோ.

இன்னொரு கேள்வி இருக்கு, அதை எழுத எனக்கு ஒரு கிழமை போனது. முள்ளந்தண்டின்ர அடியில இருக்கிற நரம்புக் கொத்து நசுங்கினா சலம் மலம் கட்டுப்பாட்டில நிக்காது, இல்லாட்டிச் சலம் போகாமலே நிக்கும், தொடைக்கு நடுவில உணர்ச்சி குறையும். அது உடன ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய விசயம், பிந்தினா நிரந்தரமாப் போயிடும். மெசின் தமிழில 'சேணப் பகுதி மரத்துப்போதல்' எண்டு இருந்தது. சேணமாம்! திருகோணமலையில மான் இருக்கு, ரோட்டு வழிய மாடு படுத்திருக்கு, குதிரையில ஏறின ஆள் ஆர்? ஓட்டோ அண்ணையிட்டக் கூச்சத்தை விட்டு விளங்கப்படுத்த, அவர் உடன, "சைக்கிள் சீற்றில முட்டுற இடம் எண்டு போடன் தங்கச்சி" எண்டார். அப்பிடியே போட்டன். அதுக்கு ஓம் எண்டு போட்டா ஃபோம் அதிலயே நிண்டு, இப்பவே அவசர சிகிச்சைக்குப் போங்கோ எண்டு பெரிய எழுத்தில காட்டும். முந்தி அப்பிடி இல்ல. ஞாயிறு இரவு ஒருத்தர் ஓம் போட்டு அனுப்பினா அது திங்கள் காலமை மச்சாள் வந்து பாக்கும்வரைக்கும் சும்மா கிடந்திருக்கும்.

ஆனா அந்தக் கேள்விக்கு ஆர் ஓம் போடுறது? போன் மகனின்ர கையில. மகன் வாசிக்கிறான், அம்மா சலம் கட்டுப்படுத்த ஏலாமல் இருக்கோ எண்டு, சோபாவில மருமகள் இருக்கிறா, பேரப்பிள்ளை டிவி பாக்குது. எந்த அம்மா ஓம் எண்டு சொல்லுவா? இதுக்கு எங்களிட்ட முழுசா வழி இல்ல. முதல் கேள்வியா 'இதை நிரப்புறது ஆர்' எண்டு போட்டம். வேற ஆள் எண்டு வந்தா சில கேள்வியளை ஃபோம் கேக்காது, மச்சாள் அந்த அம்மாவுக்கு போன் எடுத்துத் தனியாக் கேப்பா. மச்சாளின்ர குரலில ஒரு பக்குவம் இருக்கு. முதல் ஊரைக் கேப்பா, பிறகு சாப்பாட்டைக் கேப்பா, அதுக்குப் பிறகுதான் சலம்.

ஒஸ்வெஸ்ட்ரி எண்டு ஒரு அளவுகோல் இருக்கு, நாரி நோவால அன்றாட வாழ்க்கை எவ்வளவு முடங்குது எண்டு பாக்கிறது, ஜெரமி ஃபேர்பாங்க் எண்ட டொக்டர் ஆக்கள் 1980ல வெளியிட்டது. பத்துப் பகுதி, ஒவ்வொண்டுக்கும் 0 தொடக்கம் 5, மொத்தம் 50க்கு. அதில ஒரு பகுதி தாம்பத்திய உறவைப் பற்றி. மகன் நிரப்புற ஃபோமில அந்த இடம் வெறுமையாத்தான் வரும் (வராட்டித்தான் பயப்படோணும்). அப்பிடி ஒரு பகுதி விட்டா 45 ஆல பிரிக்கோணும். எங்கட ஃபோம் எப்பவும் 50 ஆல பிரிச்சுக்கொண்டு இருந்திருக்கு. 20 புள்ளி எடுத்த ஆளுக்கு 50 ஆல பிரிச்சா 40 வீதம், நடுத்தரம். 45 ஆல பிரிச்சா 44 வீதம், கடுமை. எத்தின அம்மம்மாமார் வெக்கத்தால நடுத்தரத்தில நிண்டிருப்பினம்! கழுத்துக்கு ஹவார்ட் வேர்னன் எண்ட கனடாக் கைரோபிராக்டர் 1991ல வெளியிட்டதிலயும் இதே பத்துப் பகுதிக் கணக்குத்தான், அதில கார் ஓட்டுறதைப் பற்றி ஒரு பகுதி. ஸ்காபரோவில பஸ்ஸில திரியிற எங்கட அம்மம்மாமார் அதுக்கு என்ன போடுறது?

மாமாவிட்ட ஒஸ்வெஸ்ட்ரியின்ர பாரம் தூக்கிற பகுதியை வாசிச்சன். என்ன பாரம் எண்டு கேட்டார், வலையோ, போட் எஞ்சினோ, ஐஸ் பெட்டியோ? அதை மாத்தி எழுதட்டோ எண்டு எனக்குக் கை துடிச்சது, ஆனா அந்த மாதிரி அளவுகோல்களைக் கண்டபாட்டுக்கு மாத்தேலாது, ஒரு சொல் மாறினாலும் மற்ற இடத்துப் புள்ளியோட ஒப்பிடேலாமல் போயிடும். அதால அதை விட்டிட்டு, கீழ எங்கட சொந்தக் கேள்வி ரெண்டு போட்டம். நிலத்தில சம்மணம் கட்டி இருந்து எழும்ப ஏலுமோ, குனிஞ்சு கூட்ட ஏலுமோ. கனடாவிலயும் சாமியறையில நிலத்திலதானே இருக்கினம்.

மாமாவிட்டக் கேட்ட கடைசிக் கேள்வி, உடம்பில உலோகம் ஏதும் பொருத்தி இருக்கோ எண்டது. பிளேட், ஸ்குரூ, பேஸ்மேக்கர் எண்டு உதாரணம் போட்டிருந்தது. இல்லை எண்டார். நானும் டிக் போட்டன். பிறகு தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு இருக்கேக்க, மழைக்காலத்தில இடுப்பில ஒரு பக்கம் கடுக்குது, அந்த ஷெல் துண்டு கிடக்கிற இடம் எண்டார், மாமி மீன் வெட்டிக்கொண்டே தலையாட்டினா.

"மாமா, அப்ப உலோகம் இருக்கோ எண்டு கேக்க இல்லை எண்டீங்களே?"

"பொருத்தி இருக்கோ எண்டுதானே கேட்டனீ. ஆரும் பொருத்தேல்ல பிள்ள. அது தானா வந்தது."

எம்.ஆர்.ஐ. எடுக்கிற இடத்தில அது விளையாட்டில்ல, காந்தத்துக்கு இழுபடுற துண்டெண்டா உள்ளுக்குள்ள அசையும். எங்கட ஆக்கள் ஸ்காபரோவுக்குப் போகேக்க என்னென்னத்தை உடம்போட கொண்டு போனவை எண்டு அந்த ஃபோமை முதல் எழுதினவருக்கு எப்பிடித் தெரியும்? இப்ப அதில 'பொருத்திய' எண்ட சொல் இல்ல. உடம்புக்குள்ள இரும்போ ஷெல் துண்டோ ஏதும் இருக்கோ எண்டு இருக்கு. போட்ட முதல் மாசமே ஓம் எண்டு வந்ததாம். எத்தின எண்டு நான் கேக்கேல்ல.

கேக்காததுக்குக் காரணம் இருக்கு. வேலை துவங்கின புதுசில, எந்தக் கேள்வியெல்லாம் வெறுமையா வருது எண்டு பார் எண்டு சொல்லி எனக்கு ஒரு எக்செல் அனுப்பினவை. பழைய பதில்கள், பேரோட, பிறந்த திகதியோட. திறந்து கீழ உருட்டேக்க ஒரு பேர். எனக்குப் படிப்பிச்ச டீச்சர். பேரும், பிறந்த வருசமும், பிறந்த இடம் திருகோணமலை எண்டதும். அந்த வரியை நான் முழுக்க வாசிச்சிட்டன், பொய் சொல்லேல்ல, கண் தானாப் போயிட்டுது. என்ன இருந்தது எண்டு இங்க எழுதப் போறேல்ல, என்ன பாடம் படிப்பிச்சவ எண்டும் சொல்லப் போறேல்ல.

அண்டிரவே மச்சாளுக்கு எடுத்து, இனி இப்பிடி அனுப்ப வேண்டாம் எண்டன். அந்தக் கிளினிக் இருக்கிற ஒன்ராறியோ மாகாணத்தில சுகாதாரத் தகவலுக்கெண்டே 2004ல வந்த சட்டம் இருக்கு, வேலைக்குத் தேவையானதுக்கு மேல பாக்கேலாது, எங்கட நாட்டிலயும் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புக்கான 2022ன் 9ஆம் இலக்கச் சட்டத்தில உடல்நலத் தகவலை விசேட வகையாத்தான் வைச்சிருக்கு. மச்சாள், நீ எங்கட ஆள்தானேடி எண்டா. அதுதானே மச்சாள் பிரச்சினை, முன்பின் தெரியாத ஆள் பாத்தா அது வெறும் வரி, நான் பாத்தா அது டீச்சர். இப்ப எனக்கு வாறதெல்லாம் நானே உண்டாக்கின பொய் நோயாளியள். ஒருத்தரின்ர பேர் மான், குடும்பப் பேர் கோட்டை. அவருக்கு நாரி நோ, ரெண்டு கொம்பிலயும் உளைவு.

இந்த ஆடியில டீச்சர் ஊருக்கு வந்தவ. கோணேசர் கோயிலுக்குப் போற வழியில, கோட்டை வாசல் தாண்டி ஏத்தம் துவங்கிற இடத்தில கண்டன், கையில அர்ச்சனைப் பை. கட்டிப் பிடிச்சு, நல்லா மெலிஞ்சிட்டாய் எண்டா, எங்க வேலை எண்டா, கனடாக் கொம்பனி ஒண்டுக்கு வீட்டில இருந்து எண்டு சொல்லி நிப்பாட்டிட்டன்.

"நீங்கள் எப்பிடி டீச்சர், சுகமா இருக்கிறீங்களோ?"

"எனக்கென்ன பிள்ள. ஒரு வருத்தமும் இல்ல."

சொல்லிக்கொண்டு நாலு அடி வைச்சிட்டு நிண்டா, கை பின்னால நாரிக்குப் போனது. கடலைப் பாக்கிற மாதிரி நிண்டா.

"டீச்சர், எனக்குக் கால் சரியா உளையுது," எண்டன். "அந்த மரத்தடியில கொஞ்சம் இருந்திட்டுப் போவமே?"

"இந்த வயசிலயோ," எண்டு பேசிக்கொண்டே வந்து இருந்தா. ஒரு மான் வந்து அர்ச்சனைப் பையை மணந்து பாத்தது, அவ அதுக்கு ஒரு வாழைப்பழத்தை உரிக்கத் துவங்கினா.